ஒரே பேர்ல ரெண்டு டாஸ்க்!

சிம்போசியத்துக்கு முந்தின ராத்திரி. மணி 11. எங்க வெப்சைட் இருந்த சர்வர்ல, ஃபைனல் இயர் அண்ணா ‘செட்அப்’னு ஒரு டாஸ்க்கை ஓட்டினார். கான்ஃபிக் ஃபைல்கள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. கூடவே, ரிஜிஸ்டர் பண்ணியிருந்த அத்தனை பேரும் டேட்டாபேஸ்லேர்ந்து காணோம்!

குற்றவாளி? அடியேன்தான்.

எங்க சைட்டை ஏற்றி இறக்குவது கேப்பிஸ்ட்ரானோ. ஜேமிஸ் பக் உருவாக்கியபோது ‘ஸ்விட்ச்டவர்’. 2006-ல்தான் இந்தப் பெயர். புது கோடை சர்வரில் தனி ஃபோல்டராக வைத்து, ‘கரன்ட்’ என்ற லிங்க்கை அதன் பக்கம் திருப்பிவிடும். சொதப்பினால் ‘ரோல்பேக்’, லிங்க் பழைய ஃபோல்டருக்கே திரும்பும். ஆனா, கோடுதான் திரும்பும். டேட்டாபேஸ் திரும்பாது பாஸ்!

நடந்தது இதுதான். டெஸ்ட்டிங்குக்காக டேபிள்களைக் காலி செய்யும் ஒரு டாஸ்க்கை எழுதி, ‘செட்அப்’னு பேர் வைத்து, ‘டிப்ளாய்.ஆர்பி’ ஃபைலின் அடியில் ஒட்டியிருந்தேன். அதே ஃபைலில் 300 வரிக்கு மேலே அண்ணாவோட ‘செட்அப்’ இருந்தது. கேப்பிஸ்ட்ரானோ 3 ரேக் மேல் ஓடுகிறது. ரேக்கில் ஒரே பேரில் இரண்டு டாஸ்க் எழுதினால் எரர் வராது, பழசைப் புதுசு அழிக்கவும் செய்யாது. இரண்டும் வரிசையாக ஓடும்!

ரசீது புக்கை வைத்துக்கொண்டு விடிய விடிய டைப் அடித்தோம். அண்ணா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

அடுத்த வாரம் வீட்டைப் பெருக்கினோம். ‘லிப்/கேப்பிஸ்ட்ரானோ/டாஸ்க்ஸ்’ ஃபோல்டர் முதல் நாளிலிருந்தே காலியாகக் கிடந்தது. அதில் ‘.ரேக்’ என முடியும் ஃபைலைப் போட்டால் போதும், ‘கேப்ஃபைல்’ கடைசி வரி தானாக இழுத்துக்கொள்ளும். (உள்ளே இன்னொரு ஃபோல்டர் போட்டால் எடுக்காது. அரை நாள் மண்டை காய்ந்தோம்.) டேட்டாபேஸுக்கு ஒரு ஃபைல், அப்லோடுக்கு ஒன்று. ஃபைல் பேர்தான் நேம்ஸ்பேஸ் பேர், அதனால் மோதல் இல்லை. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் மேலே ‘டெஸ்க்’ வரி கட்டாயம். அது இருந்தால்தான் ‘கேப் -டி’ லிஸ்ட்டில் தெரியும். காலி பண்ணும் டாஸ்க், ஸ்டேஜ் ‘புரொடக்‌ஷன்’ என்றால் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

அண்ணா இப்பவும் என்னை ‘செட்அப்’னுதான் கூப்பிடறார்.