மயக்க ஊசியும் விறைப்பு ஊசியும்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ராத்தாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அது தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்காகக் கிடப்பதால் சிசேரியன்தான் என்று கிளினிக்கில் திகதி கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஒப்பரேஷனில் பயமில்லை, ஊசியில்தான் பயம்.

"சாச்சி, முள்ளந்தண்டுல ஊசி அடிச்சா ஆயுளுக்கும் முதுகு நோவாமே. முழுசா மயக்கிப் போட்டு எடுக்கச் சொல்லி நீங்க டொக்டரோட கதைங்க."

இதை அவளுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு மாமி. மாமிக்கு யார் சொன்னதென்று தெரியாது. எனக்கு இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். 2006இல் மூத்தவன் முழு மயக்கத்தில் பிறந்தான். 2011இல் இளையவள் முதுகு ஊசியில் பிறந்தாள். இரண்டையும் கண்டவள் என்ற உரிமையோடு, வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றைச் சேர்த்து அவளுக்குச் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள் நான். அதனால் முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என்று ஓர் இயல் உண்டு. ஒரு வேற்றுமை நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து கலப்பதையே அங்கு மயக்கம் என்கிறோம். 'மயக்க ஊசி' என்ற நம் பேச்சு வழக்கிலும் அப்படியொரு மயக்கம் இருக்கிறது. நினைவை எடுக்கும் மருந்துக்கும், நினைவை விட்டுவிட்டு நோவை மட்டும் எடுக்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் பல்லுப் பிடுங்கப் போனால் மட்டும் சரியாக 'விறைப்பு ஊசி' என்கிறோம். முதுகில் போடுவதும் அந்த விறைப்பு ஊசியின் இனம்தான்.

திகதி குறித்துச் செய்யும் சிசேரியனுக்கு இன்று உலகில் பெரும்பாலும் பயன்படுவது இந்த முதுகு ஊசி. விஞ்ஞான பாடத்தில் நாம் 'முண்ணாண்' என்று படித்த நரம்பு வடம் முள்ளந்தண்டின் அடி வரை போவதில்லை. வளர்ந்தவர்களில் அது நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நீர்போன்ற பாய்பொருளில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே உள்ளன. மெல்லிய ஊசியால் அந்தப் பாய்பொருளுக்குள் மிகச் சிறிய அளவு மருந்து விடுகிறார்கள். சில நிமிடங்களில் கால்கள் சூடாகிக் கனக்கும். பிறகு நெஞ்சு மட்டம் வரை நோவு தெரியாது. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் அது நிற்கும்.

நோவு தெரியாது என்றால் ஒன்றுமே தெரியாது என்று அர்த்தமில்லை. தொடுவதும் இழுப்பதும் அமுக்குவதும் தெரியும். பைக்குள் கைவிட்டு யாரோ துழாவுவது போலிருந்தது எனக்கு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "ஊசி பிடிக்கல்ல" என்று பெண்கள் பதறிப் போவார்கள். ஆனால் உண்மையாகவே நோவு தெரிந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். வெட்டுமிடம் தெரியாதபடி நெஞ்சருகே திரை கட்டியிருப்பார்கள்.

இதிலும் தொல்லைகள் உண்டு. குருதி அமுக்கம் இறங்கும், அதோடு ஓங்காளம் வரும். அதற்கு உடனே மருந்து கொடுப்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதிலும் குறைவானவர்களுக்கு, எழும்பி இருந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி வரலாம். ஊசித் துவாரத்தால் பாய்பொருள் கசிவதுதான் காரணம். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்த ஓகுஸ்ட் பியர், அதைத் தன் உடம்பிலேயே சோதிக்கப் போய் இந்தத் தலைவலியில் பல நாள் கிடந்தார். அன்றைய ஊசி தடிப்பானது, இன்றையது மெல்லியது. அப்படியும் தலைவலி வந்தால் மறைக்காமல் வாட்டில் சொல்ல வேண்டும், அதற்கு வைத்தியம் உண்டு.

இரண்டாவது வகை எபிடியூரல். இதில் மருந்து அந்தப் பாய்பொருளுக்குள் போவதில்லை. அதை மூடியிருக்கும் உறைக்கு வெளியே நூல்போன்ற குழாயொன்றை வைத்து, தேவைப்படும்போதெல்லாம் மருந்து விடுவார்கள். இது பெரும்பாலும் சாதாரணப் பிரசவ நோவைக் குறைக்கப் பயன்படுகிறது. அந்தப் பிரசவம் இடையில் சிசேரியனாக மாறினால் அதே குழாயால் கூடுதல் மருந்து விடலாம். முதுகு ஊசியைவிட இது விறைக்க நேரமெடுக்கும்.

மூன்றாவதுதான் முழு மயக்கம். நரம்பில் மருந்து ஏறியதும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். சுவாசத்துக்காகத் தொண்டை வழியே குழாய் வைப்பார்கள். இதன் பெரிய பலம் வேகம். கடும் இரத்தப்போக்கு, உடனே பிள்ளையை எடுக்க வேண்டிய நிலை, இரத்தம் உறையாத கோளாறு, முதுகில் கிருமித்தொற்று, முதுகு ஊசி சரியாகப் பிடிக்காமை ஆகிய வேளைகளில் இதுதான் உயிர் காக்கும். ஆகவே "என்ன ஏன் மயக்கினாங்க?" என்று பிறகு குறைப்படவும் தேவையில்லை.

குறை என்னவென்றால், கர்ப்பிணியின் தொண்டைக்குள் குழாய் வைப்பது மற்றவர்களைவிடச் சிரமமாகலாம். மருந்து தாயிலிருந்து பிள்ளைக்கும் போவதால் பிள்ளை சற்றுச் சோர்ந்து பிறக்கலாம். பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் பிள்ளைக்குப் போடும் அப்கார் புள்ளியை 1953இல் வெளியிட்ட வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்கமருந்து வைத்தியர்தான். இன்னுமோர் ஆபத்து, இரைப்பையில் இருப்பது மேலெழுந்து நுரையீரலுக்குள் போவது.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2006இல் நோவோடு வாட்டில் கிடந்தபோது, "பிள்ளை பசி கிடக்கிறாளே" என்று உம்மா ஒளித்துக் கொண்டுவந்த பணிஸையும் பால் தேத்தண்ணியையும் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கி என்னைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். "கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டார்கள். உம்மாவுக்கு ஏச்சு விழும் என்று பயந்து, "காலையில" என்றேன். அல்லாஹ் காப்பாற்றினான். பல வருடங்களுக்குப் பிறகுதான் அந்தப் பொய் என்னையே கொன்றிருக்கலாம் என்று விளங்கியது. திகதி குறித்த சிசேரியனுக்குத் திண்ம உணவை ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பால் தேத்தண்ணியும் சாப்பாடுதான். முதுகு ஊசி என்றாலும் இந்த நோன்பு உண்டு, ஏனென்றால் இடையில் முழு மயக்கம் தேவைப்படலாம். தவறிச் சாப்பிட்டுவிட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை, ஒவ்வாமை, ஆடும் பல், முந்திய ஒப்பரேஷனில் வந்த சிக்கல், வீட்டில் குடித்த நாட்டு மருந்து எதையும் மறைக்கக் கூடாது.

இனி மாமியின் முதுகு நோவு. ஊசி குத்திய இடம் சில நாள் நோவது உண்மை. ஆனால் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நீண்டகால முதுகு நோவு ஊசியால் கூடியதாகக் காணப்படவில்லை. கர்ப்பத்தில் மூட்டுகளின் இணையங்கள் தளர்கின்றன. வயிற்றுப் பாரம் நாரியை இழுக்கிறது. பிறகு மாதக்கணக்கில் குனிந்திருந்து பால் கொடுக்கிறோம், பிள்ளை தூக்குகிறோம். நோவு இவற்றால் வருகிறது, பழி ஊசியில் விழுகிறது.

என் மூத்தவன் பிறந்ததை எனக்கு மிஸ்ஸி சொல்லித்தான் தெரியும். நான் கண் விழிக்குமுன் அவன் காதில் பாங்கு சொல்லி முடித்து, குடும்பமே அவனைப் பார்த்துவிட்டிருந்தது. இளையவள் அழுத முதல் சத்தத்தை நானே கேட்டேன். எதைத் தெரிவது என்பதை வைத்தியர் தாயின் நிலை பார்த்துச் சொல்வார். ஆனால் அதை விளங்கிக்கொண்டு சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வைப்பது நம் உரிமை. தியேட்டர் வாசலில் கேட்க நேரமிருக்காது, ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கிளினிக்கில் கேட்டுவிட வேண்டும்.

ராத்தாவின் மகள் முதுகு ஊசிக்கே சம்மதித்தாள். மூன்றாம் நாள் கோல் எடுத்தாள்.

"சாச்சி, பிள்ள அழுறத்த நான் கேட்டன். ஆனா கை எல்லாம் நடுங்கிச்சி, மூக்கு முகமெல்லாம் கடிச்சிச்சி. அத நீங்க சொல்லவே இல்லயே!"

உண்மைதான், மறந்துவிட்டேன். நடுக்கம் பலருக்கும் வரும்; கடி, மருந்தோடு சேர்க்கும் வலிநிவாரணியால் வருவது. இரண்டும் தானாகவே போய்விடும். அடுத்த பிள்ளை பயப்படக் கூடாதென்று அதையும் இங்கே எழுதிவிட்டேன்.