எழுதினவன் எங்கே?

'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச் 7ஆம் திகதி யூடியூப்பில் வந்தது. கொஞ்ச நாளிலேயே எங்கள் ஊர் உப்புக்குளத்தில் அதைப் பாடாத பிள்ளை இல்லை. ஓட்டோவிலும் அதுதான், கல்யாண வீட்டிலும் அதுதான். அந்தப் பாட்டுக்கும் எங்கள் கரைக்கும் உள்ள தொடர்பு மட்டும் இங்கே பலருக்குத் தெரியாது.

அதை எழுதிப் பாடிய ராப்பர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அப்படிப் போனவர்கள் மலையகத்திலிருந்து கோச்சியில் தலைமன்னாருக்கு வந்து, இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறினார்கள். வாப்பா அந்த இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அம்மி, தகரப்பெட்டி, சுருட்டிய பாய் எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் பிள்ளைகளை இருத்தியிருப்பார்களாம். அவர்களிடம் காசு வாங்க அவருக்கு மனம் வராது. "அதுகள் புடுங்கின கொழுந்த அதுகளுக்கே விக்கிறதா?" என்பார்.

அந்தச் சனத்தின் கதை உலகமெல்லாம் கேட்ட பிறகுதான் சண்டை தொடங்கியது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அந்தப் பாட்டை அறிவோடு சேர்ந்து பாடிய தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப்பர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவின் படத்தோடு தனி டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருடம் ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாட, அறிவு மேடையில் இல்லை. வரியும் மெட்டும் தன்னுடையவை என்று அவர் எழுதினார். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், மெட்டு தீயும் தானும் போட்டது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் ஒரு சல்லியும் கிடைக்கவில்லை என்று சொன்னவரும் அதே சந்தோஷ்தான். இலாபம் கண்டவர் யாரென்று கேட்பவர்கள் குறைவு. கலைஞர்கள் ஒருவரையொருவர் நோகடித்ததைத்தான் ஊர் பேசியது.

இந்த வழக்கு ஹிப்ஹொப்புக்குப் புதிதில்லை. 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிராங்ஸில் ஜமேக்காவிலிருந்து வந்த டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆறு வருடம் கழித்து 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டு உலகமெங்கும் ஓடியது. அதில் பிக் பேங்க் ஹேங்க் பாடிய பகுதி கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதியது. கேஸ் எழுத்து எழுத்தாகச் சொல்லும் தன் பட்டப்பெயரைக்கூட மாற்றாமல் ஹேங்க் அப்படியே பாடிவிட்டார். பெயர் பாட்டுக்குள்ளேயே இருந்தும், எழுதியவர் பட்டியலில் கேஸ் இல்லை.

சினிமாப் பாட்டில் எழுதுபவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர், யாருக்கும் மனக்குறை இல்லை. ராப் வேறு. தன் கதையைத் தன் வாயால், தன் மூச்சளவுக்கு வெட்டிய வரியில் சொல்வதில்தான் அதன் மதிப்பு. தீயின் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்காது, அதை மறுக்கமாட்டேன். என்றாலும் பாட்டியின் கதையைப் பேரனில்லாமல் மேடையேற்றியது பிழை. அவர் வெளிநாட்டில் என்றால், மேடையில் நின்று அவர் பெயரை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

என் மருமகனும் ராப் பாடுகிறான். மீன் அடைக்கும் ரெஜிபோம் பெட்டியைக் கவிழ்த்து விரலால் தட்டி, தட்டுக்கு ஒரு சொல் விழுகிறதா என்று பார்ப்பான். ஒரு சொல் கூடினால் மூச்சு முட்டும், வெட்டுவான். படிப்பிக்கிறவளான எனக்கு, எதுகை மோனையை வகுப்பில் சொல்லிக் கொடுத்துப் பதியாதது அந்தப் பெட்டியில் பதிவதைப் பார்க்கச் சந்தோஷம். சென்னைப் பாஷையில் பாடுவதுதான் பிடிக்காது. கடலுக்குப் போகிறவர்களின் பேச்சை வீட்டில் வைத்துக்கொண்டு, எதற்கு இரவல்?

"பாட்டு நல்லா இருந்தாப் போதும்தானே மாமி, ஆர் எழுதினா என்ன?" என்று ஒருநாள் கேட்டான். 2024இல் கனடா ராப்பர் டிரேக், 1996லேயே செத்துப்போன ராப்பர் டூபாக்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் செய்து பாட்டில் சேர்த்ததையும், டூபாக்கின் சொத்துக்குப் பொறுப்பானவர்கள் வழக்குப் போடுவோம் என்றதும் அதை நீக்கியதையும் சொன்னேன். பிறகு வீட்டுக் கதையைச் சொன்னேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் புத்தளத்துக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் வாக்காளர் இடாப்பில் வாப்பாவின் பெயர் இல்லை. பிறந்த ஊரில், தான் இந்த ஊர்தான் என்று நிரூபிக்கக் கடிதத்தோடு அலைந்தார்.

இப்போது அவனும் கூட்டாளிகளும் ஒரு பாட்டு முடித்திருக்கிறார்கள். எழுதியவன், பாடியவர்கள், வீடியோ எடுத்தவன் எல்லார் பெயரும் போட்டாயிற்று. பீட் மட்டும் எங்கோ இணையத்தில் இறக்கியது.

"செஞ்சவன்ட பேர் தெரியா மாமி."

"தேடு. கேட்டுட்டு ஏத்து."

பாட்டு இன்னும் ஃபோனிலேயே கிடக்கிறது. அவனுக்கு என்னோடு கோபம். இருக்கட்டும்.