ஐ.நா. பொதுச் சபை வெறும் பேச்சு மேடையா?



"ஐ.நா. சபை வெறும் பேச்சு மேடை. அதனால் ஒரு பயனும் இல்லை." உலக அமைதி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் சிலர் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். இது முழுத் தவறு இல்லைங்க. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன? வாங்க, பார்ப்போம்.

1. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க

பாதுகாப்பு மன்றத்தில் 15 நாடுகள் உள்ளன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தும் நிரந்தர உறுப்பினர்கள். இவற்றுள் ஒரு நாடு எதிர்த்து வாக்களித்தாலே முக்கியத் தீர்மானம் விழுந்துவிடும். இதுவே 'வீட்டோ' எனப்படும் ரத்து அதிகாரம்.

பொதுச் சபை வேறு. அங்கே 193 நாடுகள். பெரிய நாடோ சின்ன நாடோ, ஆளுக்கு ஒரு வாக்குதான். ரத்து அதிகாரம் யாருக்கும் இல்லை. ஆனால், போர், அமைதி பற்றிய அதன் தீர்மானங்கள் பரிந்துரைகள் மட்டுமே. எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தா.

அப்படின்னா அந்தச் சபை எதுக்கு? ஒரு சம்பவத்தைப் பாருங்கள்.

2. சூயஸ் நெருக்கடி, 1956

எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அக்டோபர் இறுதியில் இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்துகொண்டன. பாதுகாப்பு மன்றம் தலையிட முயன்றபோது, அவ்விரு நாடுகளுமே ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தின. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக இருந்தால் எப்படி?

மன்றம் முடங்கினால் பொதுச் சபையை அவசரமாகக் கூட்டலாம் என்று 1950இலேயே ஒரு தீர்மானம் இருந்தது. அதன்படி சபை கூடியது. போரை நிறுத்தக் கோரும் தீர்மானத்திற்கு 64 நாடுகள் ஆதரவு. 5 மட்டுமே எதிர்ப்பு. சில நாள்களில், கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்வைத்த யோசனைப்படி ஐ.நா. அமைதிப்படை ஒன்றைச் சபை உருவாக்கியது. டிசம்பருக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின.

இங்கே கவனம் தேவை. சபை மட்டுமே இதைச் சாதித்தது என்று எழுதாதீங்க. அமெரிக்கா கொடுத்த பொருளாதார நெருக்குதலும் பெரிய காரணம். ஆனாலும், பின்வாங்க வேண்டிய நாடுகளுக்கு மானத்தோடு விலக ஒரு வழியைச் சபை அமைத்துக் கொடுத்தது. அரசதந்திரம் என்பது பெரும்பாலும் இதுதான்.

3. எண்ணிக்கை பேசும்போது

2022 மார்ச் 2 அன்று, ரஷ்யா உக்ரேனிலிருந்து வெளியேற வேண்டும் என்று 141 நாடுகள் வாக்களித்தன. எதிர்ப்பு 5, வாக்களிக்காமல் விலகியவை 35. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆதரித்தன; இந்தியாவும் இலங்கையும் விலகி நின்றன. போர் நிற்கவில்லை, உண்மைதான். ஆனால், எந்த நாடு எங்கே நிற்கிறது என்பது உலகறியப் பதிவானது.

சின்ன நாடுகளுக்கு இந்த மேடை இன்னும் முக்கியம். படைபலம் குறைவு, ஆனால் வாக்கு சமம். அதனால்தான் சிங்கப்பூரின் முயற்சியில் 1992இல் ஐ.நா.வில் சிறு நாடுகளின் குழு ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அதில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன.

4. தேர்வில் எப்படி எழுதுவது?

• எந்த அமைப்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்: பொதுச் சபையா, பாதுகாப்பு மன்றமா?
• ஒரு வெற்றி, ஒரு தோல்வி என இரண்டையும் ஆண்டுடன் காட்டுங்கள்.
• முடிவில் உங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுங்கள். மாதிரி வாக்கியம்: "பொதுச் சபையால் போரைத் தடுக்க முடியாமல் போகலாம், ஆனால், அநியாயத்தை உலகம் மௌனமாக ஏற்றுக்கொண்டது என்ற நிலையை அது தடுக்கிறது."

ஆசிரியர்களே, வகுப்பில் 1956 வாக்கெடுப்பை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நாட்டைக் கொடுத்து, வாக்களித்த காரணத்தையும் கேளுங்கள். 'வெறும் பேச்சு' என்ற வரியை மாணவர்களே திருத்திக்கொள்வார்கள்.