ஜப்பான் வாளின் பிடியைப் பாருங்கள்!

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் அந்த நீண்ட வாளும் கூடவே வரும். 1942 ஜனவரியில் ஜொகூரைக் கடந்து சென்ற படையில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது அது. எல்லாரும் அலகைப் பார்த்து அஞ்சினார்கள். பிடியைப் பார்த்தவர் யார்? வாருங்கள் வாசகர்களே, நாம் பார்ப்போம்.

உங்கள் வீட்டு அரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள். அலகின் வால் மரப்பிடிக்குள் இறங்கியிருக்கும். பிடி பிளக்காதிருக்க வாயில் பூண் இருக்கும். ஜப்பான் வாளும் அப்படியே. மரப்பிடியின் மேல் சொரசொரப்பான திருக்கை மீன் தோல். அதன்மேல் பட்டு அல்லது பருத்தி நாடா. கை வியர்த்தாலும் வழுக்காது! நாடாவுக்குள் இருபுறமும் செருகிய சிறு உலோக உருவங்களுக்கு மெனுகி என்று பெயர். பூண் ஃபுச்சி, அடிமூடி காஷிரா. கையைக் காக்கும் தட்டு ட்சுபா. அலகின் அடியைக் கவ்வி, வாளை உறைக்குள் இறுக நிறுத்தும் செம்பு வளையம் ஹபாக்கி. இத்தனையையும் கழன்றுவிடாமல் பிடித்து வைப்பது எது தெரியுமா? ஒரு சிறு மூங்கில் ஆணி!

ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி முழுவதும் கழன்று வந்துவிடும். ஆகவே பழைய அலகுக்குப் புதுப்பிடி போடுவது சுலபம். ஜொகூர் பாரு புக்கிட் செரீன் அரண்மனையிலிருந்து சிங்கப்பூர்மீது போர் நடத்திய ஜெனரல் யாமாஷித்தா, 1945 செப்டம்பரில் பிலிப்பைன்ஸில் சரணடைந்தார். அவருடைய வாள் ஒன்று அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் அலகு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிடியோ 20-ஆம் நூற்றாண்டினது.

1876-இல் ஜப்பானிய அரசு வாள் தரிக்கத் தடை போட்டது. தட்டிலும் பூணிலும் தங்கம் வெள்ளி இழைத்து வந்த கைவினைஞர்கள் பிழைப்பை இழந்து, நகை, பூச்சாடி என்று மாறினார்கள். 1934-இல் ராணுவம் பழைய பாணி வாளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, தட்டில் செர்ரிப் பூவைப் பொறித்தார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆளைப் பறிகொடுத்த வீடுகள் நிறைந்த நம் தோட்டங்களில், அந்தப் பூவை யாரால் ரசிக்க முடியும்?

பிடியில் குஞ்சம் இருந்தால் நிறத்தைக் கவனியுங்கள். நீலமும் பழுப்பும் என்றால் கேப்டன் வரை உள்ள அதிகாரி. சிவப்பும் பழுப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை உள்ள அதிகாரி. சார்ஜண்டுகளுக்கு 1935-இல் வந்த வாளில் தோலும் இல்லை, நாடாவும் இல்லை. உலோகத்தில் வார்த்து, நாடா சுற்றியதுபோல் பெயிண்ட் அடித்த பிடி. அலகில் வரிசை எண் இருக்கும்.

பழைய வீட்டைப் பிரிக்கையில் இப்படியொரு வாள் அகப்பட்டால், தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தாய்மார்களே! பிடிக்குள் மறைந்த வாலில்தான் கொல்லன் தன் பெயரை வெட்டியிருப்பான். அங்குள்ள கறுத்த துருவின் நிறமே வயதைச் சொல்லும். சுரண்டினால் இரண்டும் போயிற்று. வாளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். முதலில் போலீஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பித் தகவல் சொல்லுங்கள்.