கொடையாளர் எழுதிய ஒரு வாக்கியம்

பெற்றோர் நினைவாகவோ, தமக்குக் கற்பித்த ஆசிரியர் நினைவாகவோ ஒரு தொகையை ஒதுக்கி, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர்க்கு உதவித்தொகை வழங்க விரும்பும் வாடிக்கையாளர்கள் எம் வங்கிக் கிளைகளுக்கு வருவதுண்டு. அவர்களுடைய முதற்கேள்வி பெரும்பாலும் வட்டி விகிதத்தைப் பற்றியதாகவே இருக்கும். அத்தொகையைக் கொண்டு நடத்தப்போகிறவர் யார், நோக்கம் நிறைவேறியதென்று எப்படி அறிவது என்னும் கேள்விகள் பின்னரே எழுகின்றன; சில வேளைகளில் எழாமலே போய்விடுகின்றன. இக்கேள்விகளின் கனத்தை உணர்த்தும் வரலாறு ஒன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது.

1961இல் வந்த கொடை

அரசுப் பணிக்கும் பன்னாட்டு விவகாரங்களுக்கும் இளைஞரை ஆயத்தம் செய்யும் கல்விப்பிரிவு ஒன்று பிரின்ஸ்டனில் 1930இல் தொடங்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்து பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான வுட்ரோ வில்சனின் பெயர் 1948இல் அதற்குச் சூட்டப்பட்டது; இனம் குறித்து அவர் கொண்டிருந்த கொள்கைகளின் காரணமாக 2020இல் அப்பெயர் நீக்கப்பட்டது.

1961இல் இக்கல்விப்பிரிவுக்கு 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடையாக வந்தன. கொடுத்தவர்கள் சார்லஸ் ராபர்ட்சன், மேரி ராபர்ட்சன் தம்பதியர். சார்லஸ் அப்பல்கலைக்கழகத்தில் 1926இல் பட்டம் பெற்றவர். மேரி, 'ஏ அண்டு பி' என்னும் பெரும் மளிகைக் கடைத் தொடரை வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். தம் பெயரை வெளியிட அவர்கள் விரும்பவில்லை; 1973 வரை கொடையாளர் யாரென்பது பொதுமக்களுக்குத் தெரியாமலே இருந்தது.

பனிப்போர் உச்சத்திலிருந்த காலம் அது. அமெரிக்க அரசுப் பணிக்கு, குறிப்பாக வெளியுறவு சார்ந்த பணிகளுக்கு, பட்டமேற்படிப்பு மாணவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே கொடையின் நோக்கமென ஆவணத்தில் எழுதப்பட்டது. பணத்தைக் காக்கத் தனியே ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதன் ஏழு அறங்காவலருள் நால்வரைப் பல்கலைக்கழகமும் மூவரைக் குடும்பமும் நியமித்தன. பெரும்பான்மை பல்கலைக்கழகத்திடம் இருந்தது என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

முதலீடு நன்கு பலனளித்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்கு முன்னர் அந்நிதி ஏறத்தாழ 90 கோடி டாலராகப் பெருகியிருந்தது. இரண்டாண்டுப் பட்டமேற்படிப்பில் சேரும் மாணவர்கள் கல்விக்கட்டணச் சுமையின்றிப் படிக்க அது வழிசெய்தது.

அலுவலகத்தில் நடப்பது

ஒரு கல்வி உதவித் திட்டத்தின் முகமாக நாம் காண்பவர்கள் பேராசிரியர்களும் பட்டம் பெறும் மாணவர்களும். அத்திட்டத்தை நாள்தோறும் நடத்துபவர்களோ அலுவலகப் பணியாளர்கள். விண்ணப்பங்களைப் பிரித்துத் தேர்வுக் குழுவின் முன் வைப்பவர்கள் அவர்கள். அயல்நாட்டு மாணவர்க்கு விசா ஆவணங்களை ஆயத்தம் செய்பவர்களும், உதவித்தொகை உரிய நாளில் சேர்ந்ததா என்று பார்ப்பவர்களும் அவர்களே. பிரின்ஸ்டன் பாடத்திட்டத்தில் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் இடைப்பட்ட கோடையில் மாணவர் களப்பயிற்சி பெறவேண்டும். இரண்டாமாண்டில், உண்மையான ஓர் அரசுத் துறைக்கோ அமைப்புக்கோ குழுவாக இணைந்து கொள்கை அறிக்கை அளிக்க வேண்டும். அத்துறைகளோடும் அமைப்புகளோடும் ஆண்டுதோறும் தொடர்பைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாலன்றி இவை நடைபெறா.

அரசு வேலையில் மாணவரைச் சேர்ப்பது இதனினும் கடினமான பணி. தனியார் நிறுவனங்கள் படிப்பு முடியும் முன்னரே நியமன ஆணையை நீட்டுகின்றன. அமெரிக்க நடுவண் அரசிலோ, பின்புலப் பாதுகாப்புச் சோதனை முடிந்து பணியாணை வர மாதங்கள் பல ஆகலாம். அதுவரை மாணவரின் உறுதி தளராமல் பார்த்துக்கொள்வதும், எந்தத் துறைக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டுமென்று வழிகாட்டுவதும் வேலைவாய்ப்பு ஆலோசகரின் பொறுப்பு.

இவற்றுக்கெல்லாம் பின், படித்துச் சென்றவர் எங்கே பணிபுரிகிறார் என்று எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. பட்டதாரி ஒருவர் வெளியுறவுத் துறையில் சேர்ந்தால் ஐயமில்லை. அவர் உலக வங்கியில் சேர்ந்தால்? இலாப நோக்கற்ற ஒரு நிவாரண அமைப்பில் சேர்ந்தால்? அரசுக்கு ஆலோசனை வழங்கும் தனியார் நிறுவனத்தில் சேர்ந்தால்? அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? எழுத்தர் நிலையில் எழும் இச்சிறு கேள்விதான் பின்னாளில் நீதிமன்றத்தின் வாயிலை எட்டியது.

வழக்கும் உடன்பாடும்

2002இல் ராபர்ட்சன் தம்பதியரின் மகன் வில்லியமும் உறவினரும் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அறக்கட்டளையின் பணம் வேறு துறைகளுக்கும் செலவுகளுக்கும் திருப்பப்பட்டது என்பதும், படித்தவர்களுள் போதிய எண்ணிக்கையினர் நடுவண் அரசுப் பணிக்குச் செல்லவில்லை என்பதும் அவர்களுடைய குற்றச்சாட்டுகள். கொடையின் நோக்கத்தைக் குடும்பத்தினர் மிகக் குறுகலாகப் பொருள் கொள்கின்றனர் என்றும், உலகம் மாறியதற்கேற்பப் பொதுப்பணியின் வடிவமும் மாறியுள்ளது என்றும் பல்கலைக்கழகம் மறுத்தது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்ததை வணிகவியல் பயின்ற எவரும் உணரலாம். பல துறைகள் கூடிப் பயன்படுத்தும் ஒரு கட்டடத்தின் செலவை எந்த நிதியில் எவ்வளவு பற்று வைப்பது என்பது கணக்காளரின் தீர்மானத்தைப் பொறுத்தது. அத்தீர்மானத்தின் அடிப்படை எழுத்தில் இல்லாவிடின், நாற்பதாண்டுகளுக்குப் பின்னர் அதை நேர்மையாகக் கூட விளக்க இயலாது போகும்.

வழக்கு ஆறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. விசாரணை தொடங்கும் முன்னரே, 2008 டிசம்பரில், இரு தரப்பினரும் உடன்பாடு கண்டனர். குடும்பத் தரப்பின் வழக்குச் செலவுக்காக 4 கோடி டாலரும், அரசுப் பணிக்கு இளைஞரைப் பயிற்றும் புதிய அறக்கட்டளை ஒன்றுக்காக 5 கோடி டாலரும் வழங்க ஏற்பாடாயிற்று. எஞ்சிய நிதி பல்கலைக்கழகத்தின் முழுப் பொறுப்பில் நிலைத்தது. வழக்குச் செலவாகத் திருப்பியளிக்கப்பட்ட தொகை மட்டுமே, 1961இல் பெற்ற மூலக்கொடையைவிட அதிகம் என்பதை வாசகர் கவனிக்கலாம்.

இதிலிருந்து இரு நன்மைகள் விளைந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்த 2006இல், நடுவண் அரசுத் துறைகளில் ஈராண்டுப் பணியையும் பட்டமேற்படிப்பையும் இணைக்கும் உதவித் திட்டம் ஒன்றைப் பிரின்ஸ்டன் தொடங்கியது. குடும்பம் நிறுவிய புதிய அறக்கட்டளையோ டஃப்ட்ஸ், சிராக்கியூஸ், மேரிலாந்து முதலிய பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை வழங்கி, பெறுவோர் படிப்பு முடித்தபின் சில ஆண்டுகள் அரசுப் பணி புரிய வேண்டுமென்று உறுதி பெற்றது. முதல் ஆவணத்தில் தெளிவாக இல்லாதது இரண்டாவதில் நிபந்தனையாகவே இடம்பெற்றது.

நம் கொடைகளுக்கு ஒரு சொல்

வைத்த முதல் அழியாமல் அதன் பயன் மட்டும் தொடரவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. கோயில் நந்தாவிளக்குக்கு ஆடுகளைக் கொடையளித்த சோழர் காலக் கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. ஆடுகள் மூப்படையும், மடியும். எண்ணிக்கை குறையாமல் மந்தையைப் பேணி, நாள்தோறும் நெய் அளந்த இடையரின் பொறுப்பையே அச்சொல் குறிக்கிறது. அப்பொறுப்பை ஏற்றவர் இன்ன அளவு நெய் அளக்க வேண்டுமென்பதும் கல்லில் வெட்டப்பட்டது.

கல்லூரியிலோ பள்ளியிலோ உதவித்தொகை நிறுவ எண்ணும் வாடிக்கையாளர்கள் சில செய்திகளை முன்கூட்டியே முடிவு செய்வது நலம். முதலாவது, நோக்கத்தை ஐயமற எழுதுதல். 'ஏழை மாணவர்க்கு' என்பதைவிட, குடும்ப வருமான வரம்பும் படிப்பும் குறிக்கப்படுவது மேல். காலம் மாறி அந்நோக்கம் பொருந்தாமற்போனால் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அதே ஆவணத்தில் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்காதபோது, பொது அறக்கட்டளையின் மூல நோக்கத்தை நிறைவேற்ற இயலாத சூழலில் நீதிமன்றம் மாற்றுவழி வகுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் அது நீண்ட வழி.

இரண்டாவது, முதலின் மதிப்பு. ரூ.1,00,000 வைப்புத்தொகைக்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் ஆண்டுக்கு ரூ.7,000 கிடைக்கும். முழுவதையும் வழங்கிவிட்டால், கட்டணம் உயர உயர உதவியின் பயன் சுருங்கும். ரூ.5,000 வழங்கி ரூ.2,000ஐ முதலோடு சேர்த்தால், வைப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காடு வளரும்.

மூன்றாவது, நிர்வாகச் செலவு. கொடையாளர் பலர் இதனை வீண் எனக் கருதி ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவரும், பயனாளி படிப்பைத் தொடர்கிறாரா என்று விசாரிப்பவரும், ஆண்டறிக்கை எழுதுபவரும் இல்லாத நிதி சில ஆண்டுகளில் வங்கிக் கணக்கில் உறங்கத் தொடங்கும். அவர்களுக்குரிய சிறு பங்கை ஒதுக்குங்கள். அதற்கு ஈடாக, யாருக்கு, எவ்வளவு, எதற்காக வழங்கப்பட்டது என்ற விவரத்தை ஆண்டுதோறும் எழுத்தில் பெறும் உரிமையை ஆவணத்திலேயே நிலைநாட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் அவ்வறிக்கையைப் பெற்றுப் படிக்கவேண்டியவர் யாரென்பதையும் அதில் பெயர் குறித்து எழுதிவைப்பது நன்று.