கூதிர்கால மழைக் குறிப்பு

ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிர்ப் பருவத்து மழையை இல்லத்திலேயே நாடோறும் அளந்தெழுதுதல் எளிது. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள கலமொன்றை மரமுங் கூரையும் மறையாத வெளியில் வைத்து, வானிலைத் துறையார் அளக்கும் காலை 8.30 மணிக்கே நீரின் உயரத்தை மில்லிமீட்டரிற் குறித்து, நீரைக் கொட்டிக் கலத்தை மீண்டும் நிமிர்த்து வைத்திடுக. மழையில்லா நாளிலும் பூச்சியம் இடுதல் வேண்டும். இன்றேல், மழையின்மையோ மறதியோ என்பது பின்னர்ப் புலப்படாது.

நிற்க. ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால், 2024 டிசம்பர் 2ஆம் நாட்காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் ஊத்தங்கரையிற் பெய்தது 503 மில்லிமீட்டர். அஃதாவது, சதுர மீட்டருக்கு 503 லிட்டர் நீர். ஒரு சாண் உயரக் கலம் அன்று நிரம்பி வழிந்திருக்கும். ஏட்டிலும் அம்மழை பாதியாய்க் குறைந்திருக்கும். ஆதலின், பெருமழை நாளிற் கலம் நிரம்புமுன் இடையிடையே அளந்து, அவ்வளவுகளைக் கூட்டியெழுதுக.