சாவிக் கொத்து யார் கையில்?

கல்யாண வீட்டுக்குப் போயிருப்பீர்கள். மணையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் கண்ணும் அவர்கள் மேல்தான். அந்த அமளியில் உக்கிராண அறை வாசலில், சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெரியம்மா நிற்பாளே, அவளை யாராவது கவனிக்கிறார்களா? தேங்காய் எத்தனை வந்தது, சம்பந்தி வீட்டாரில் யாருக்குச் சர்க்கரை போடாத காப்பி, ராத்திரி ரெயிலுக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச் சாதம் ஆயிற்றா, எல்லாம் அவள் தலைக்குள்ளே இருக்கும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அந்தப் பெரியம்மா சாவியை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டால் வீடு என்ன பாடு படும்!

அமெரிக்காவிலே கல்லூரிக் கூடைப் பந்துக் குழுக்களில் வருஷா வருஷம் வசந்த காலத்தில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அங்கே பெரியம்மாவுக்கு ஒரு நீண்ட பட்டம் உண்டு: 'டைரக்டர் ஆஃப் பாஸ்கெட்பால் ஆபரேஷன்ஸ்'. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும் என்பதனாலோ என்னவோ, முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'டோபோ' என்று சுருக்கிவிட்டார்கள். 'டோபி' என்று வாசித்துவிடாதீர்கள். ஆனால் அப்படி வாசித்தாலும் பெரிய தவறில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே இந்த உத்தியோகமும் ஒளிந்திருக்கிறது. 1891 டிசம்பரில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளேயே ஆடுவதற்கு ஒரு விளையாட்டை யோசித்தார். பந்தைப் போட இரண்டு பெட்டி வேண்டும் என்று பள்ளிக் காவலாளியிடம் கேட்டார். பெட்டி இல்லை; பீச் பழக் கூடைகள் இருந்தன. அவற்றைப் பத்து அடி உயரத்தில் அடித்து மாட்டினார்கள். கூடைக்கு அடி இருந்தது. ஆகவே ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் யாராவது ஏணியில் ஏறி அதை எடுத்துப் போட வேண்டியிருந்தது! நெய்ஸ்மித் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. ஏணியில் ஏறினவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

மறு வருஷமே, பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை இதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் அங்கே நடந்த ஆட்டத்துக்கு ஆண்களை உள்ளே விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள். நம் பாட்டிமார் காலத்து விஷயம், நினைத்துப் பாருங்கள்!

இப்போது டோபி சமாசாரத்துக்கு வருகிறேன். 1974-ல் டென்னஸி சர்வகலாசாலையில் பெண்கள் குழுவுக்குக் கோச்சாக வந்தவர் பாட் ஸம்மிட். வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். குழுவின் வேனை அவரே ஓட்டினார். ஆட்டம் முடிந்ததும் பெண்களின் சட்டைகளை அவரே துவைத்தார். அந்தச் சட்டைகளும் முந்தின வருஷம் டோனட் பலகாரம் விற்ற காசில் வாங்கினவை. அதாவது கோச்சும் அவரே, டோபோவும் அவரே, டோபியும் அவரே. 38 வருஷத்தில் 1,098 ஆட்டங்களில் ஜயித்து, எட்டு முறை தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, 2012-ல் ஓய்வு பெற்றார். அந்த 38 வருஷத்துக்குள் உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. கோச் துவைத்துக்கொண்டிருந்த வேலை ஐந்தாறு பேர் வேலையாகப் பிரிந்தது. அந்த ஐந்தாறு பேருக்கும் மேலே சாவிக் கொத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? என்ன வேலை இல்லை என்று கேளுங்கள். நவம்பர் ஆரம்பத்திலிருந்து முப்பது ஆட்டங்களுக்குக் குறையாது. அதில் பாதிக்குக் கிட்ட வெளியூர். விமானம், பஸ், ஓட்டல் அறை. ஆறே முக்கால் அடிப் பையன்கள் கால் நீட்டிப் படுக்கும்படியான கட்டில். ஆட்டத்துக்குச் சுமார் நாலு மணி நேரம் முன்னால் சாப்பாடு. ஒருவனுக்கு வேர்க்கடலை ஆகாது, இன்னொருத்தி ரமலான் நோன்பு. பனி கொட்டி விமானம் நின்றுவிட்டால் நடு ராத்திரியில் பஸ்ஸுக்கு ஏற்பாடு. வீரர்களின் தாய் தந்தையருக்கு இலவச டிக்கெட் யார் யாருக்கு என்ற ஜாபிதா. வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் முட்டிக்கொள்ளாமல் அட்டவணை. கல்லூரிகளின் தேசியச் சங்கமான என்.ஸி.ஏ.ஏ. வாரத்துக்கு இருபது மணி நேரம், நாளுக்கு நாலு மணி நேரம் என்று பயிற்சிக்கு எல்லை கட்டியிருக்கிறது. அதற்கும் கணக்கு வைக்க வேண்டும். கோடையில் சிறுவர்களுக்கு முகாம். இவ்வளவும் சரியாக நடந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இட்டிலி சூடாக இருந்தால் யாராவது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்களா? ஆறிப்போனால்தானே அம்மாவின் பெயர் வெளியே வருகிறது!

மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். அன்று மாலைதான் தேசியப் போட்டிக்கு எந்தெந்தக் குழுக்கள், யார் எந்த ஊரில் யாரோடு மோத வேண்டும் என்று டெலிவிஷனில் அறிவிப்பார்கள். பெயர் வந்ததும் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். காமிரா அதைப் படம் பிடிக்கிறது. அறையின் மூலையில் ஒருவர் மட்டும் குதிப்பதில்லை. காதில் போனோடு வெளியே நடக்கிறார். சில குழுக்களுக்குச் செவ்வாய்க்கிழமையே ஆட்டம். ஆடுகிறவர்கள் மட்டுமா? கோச்சுகள், வைத்தியம் பார்ப்பவர், பாண்டு வாத்திய கோஷ்டி, ஆடிப் பாடி உற்சாகப்படுத்தும் பெண்கள், கல்லூரி அதிகாரிகள், இத்தனை பேரையும் மூட்டை முடிச்சோடு ஏற்றியாக வேண்டும். ஜயித்தால் இன்னொரு ஊர். தோற்றால் அன்றிரவோ மறுநாளோ வீடு. இரண்டுக்கும் தயாராய் இரண்டு திட்டம்!

இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஏன் நிலைப்பதில்லை?

முதல் காரணம், கோச். தோற்றால் கோச்சை நீக்குவார்கள்; ஜயித்தால் பெரிய கல்லூரி அவரைக் கொத்திக்கொண்டு போகும். இரண்டில் எது நடந்தாலும் டோபோவுக்கு மூட்டை கட்டும் வேளைதான். புது மாட்டுப்பெண் வந்து அலமாரியை மாற்றி அடுக்குகிற மாதிரி, புதுக் கோச் தன் ஆட்களோடு வருவார். கோச்சுக்காவது ஒப்பந்தம் உண்டு. 2024-ல் கனெக்டிகட் சர்வகலாசாலை டான் ஹர்லிக்கு ஆறு வருஷத்துக்கு 5 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. கீழே வேலை செய்கிறவர்களில் பலருக்கோ வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் சீட்டுத்தான். கணவன் வேலை, குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்று வேர் விட்டவர்களுக்கு இந்தச் சீட்டு எவ்வளவு பாரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறு கிடையாது. தீபாவளி மாதிரி அவர்களுக்குள்ள கிறிஸ்துமஸ் விடுமுறைகூட ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மூன்று நாள் வெளியூர் போகிறாள் என்றால் வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமலேயே எத்தனையோ பெண்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, இது ஏணிப் படி. ஏணிப் படியில் யாரும் வீடு கட்டிக்கொள்வதில்லை. இண்டியானா சர்வகலாசாலைக் குழுவில் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கும் மாணவ மானேஜராக இருந்த லாரன்ஸ் ஃபிராங்க், 2004-ல் நியூ ஜெர்ஸியின் தொழில்முறைக் குழுவுக்கே தலைமைக் கோச்சாகி, முதல் 13 ஆட்டங்களையும் வரிசையாக ஜயித்தார். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995-ல் மயாமியில் வீடியோ அறையில் படம் வெட்டி ஒட்டத் தொடங்கியவர். 2008-ல் அதே குழுவின் தலைமைக் கோச். இம்மாதிரி இரண்டு கதை காதில் விழுந்தால் போதாதா? சின்னச் சம்பளத்துக்கு ராப் பகல் உழைக்க ஆயிரம் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்று தெரிந்துதான் சம்பளமும் சின்னதாகவே இருக்கிறது. இது என் அபிப்பிராயம்.

அபிப்பிராயம் என்று சொன்னேனே, ஒரு கோர்ட்டுக் கதையையும் கேளுங்கள். 1992-ல் என்.ஸி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. உதவிக் கோச்சுகளில் கடைசிப் படியில் இருப்பவருக்குப் பள்ளி வருஷத்துக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000 டாலர், அதற்கு மேல் எந்தக் கல்லூரியும் கொடுக்கக் கூடாது! கல்லூரிகள் எல்லாம் கூடிப் பேசி ஏழைப்பட்டவன் கூலிக்கு உச்சவரம்பு கட்டின மாதிரிதான். அந்தப் பாவப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1999-ல் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்துத்தான் சங்கம் வழக்கை முடித்துக்கொண்டது.

இதன் பிறகும் ஒரு வேலி இருந்தது. தலைமைக் கோச், மூன்று உதவிக் கோச்சுகள், இந்த நால்வரைத் தவிர வேறு யாரும் ஆடுகளத்தில் பாடம் சொல்லக் கூடாது. டோபோ பந்தை எடுத்துக் கொடுக்கலாம். "முழங்கையை மடக்கி எறி, அப்பா" என்று சொல்லக் கூடாது! பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைக் கட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது மாமியார்களுக்குத் தெரியும். 2023 ஜூலையில் வேலியைத் தளர்த்தி, இன்னும் இரண்டு பேர் பாடம் சொல்லலாம் என்றார்கள். உடனே என்ன ஆயிற்று? உக்கிராணத்தில் இருந்தவர்களில் பலர் சாவியைக் கீழே வைத்துவிட்டுக் களத்துக்கு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அதற்குள் உக்கிராண வேலையே கனத்துப் போயிற்று. 2018-லிருந்து கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் ஒரு பொதுப் பதிவில் பெயர் கொடுத்துவிடலாம். 2021-ல் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025-ல் கல்லூரியே வீரருக்குப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆயிற்று. ஏப்ரலில் பாதிக் குழு போய்விடுகிறது. ஜூனில் புது முகங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வீடு, வகுப்பு, வைத்தியப் பரிசோதனை. பணம், பேரம் என்ற பகுதியைப் பார்க்கப் பல கல்லூரிகள் இப்போது 'ஜெனரல் மானேஜர்' என்று தனியாக ஒருவரை வைத்துக்கொள்கின்றன. வேர்க்கடலை ஆகாத பையனைப் பார்க்க வேண்டியவர் மட்டும் பழையபடி டோபோதான்.

இந்தச் சில்லறை வேலைகளில் பெரிதாக என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில், கொரோனா காலத்தில், பெண்களின் தேசியப் போட்டியை ஸான் ஆன்டோனியோ வட்டாரத்திலேயே நடத்தினார்கள். ஆண்களுக்கு இண்டியானாபோலிஸில் பெரிய கூடம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஒரே ஒரு சின்னச் சட்டத்தில் சில ஜோடி டம்பெல்கள், கொஞ்சம் பாய்! ஸ்டான்போர்ட் குழுவின் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் படத்தை வெளியிட்டார். ஆரிகன் குழுவின் ஸெடோனா பிரின்ஸ் வீடியோ எடுத்துப் போட்டாள். நாடே கொதித்தது. சில நாளில் கருவிகள் வந்து இறங்கின. மறு வருஷம் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் 68 குழுக்கள் என்றாயிற்று. அந்த வருஷக் கோப்பையை 54-53 என்று ஒரே புள்ளியில் வாங்கியது எந்தக் குழு தெரியுமா? ஸ்டான்போர்ட்தான். எந்தக் கூடத்தில் எத்தனை கருவி என்று எண்ணிப் பார்க்கிற கண், கோப்பை வாங்குகிற கண்ணுக்குக் குறைந்ததல்ல என்று அன்றைக்காவது தெரிந்திருக்கும்.

ஒரு டோபோ போய்விட்டால் பஸ் கம்பெனியின் நம்பர் எங்கேயாவது எழுதி வைத்திருக்கும். எழுதாத சங்கதிகள்தான் போய்விடுகின்றன. தோற்ற ராத்திரி சாப்பிடாமல் அறைக்குப் போய்ப் படுக்கிற பெண் யார். எந்தப் பையனின் தாய்க்கு விமானம் இறங்கியதும் போன் செய்ய வேண்டும். பரீட்சை பயத்தில் வயிற்று வலி என்று சொல்கிறவன் யார். பதினெட்டு வயதுப் பிள்ளை, வீட்டை விட்டு இரண்டாயிரம் மைல், கோச்சிடம் சொல்ல முடியாததை அந்தச் சாவிக்காரரிடம்தான் சொல்லியிருப்பான். கோச்சிடம் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவாரோ என்று பயம். சாவிக்காரரிடம் அந்தப் பயம் இல்லை. புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து மறுபடி சொல்ல அவனுக்கு வாய் வருமா?

ஆகவே புதிதாக வந்தவர் முதல் வாரத்தில் செய்கிற காரியம் ஒன்று. வெட்கத்தை விட்டுப் பழையவருக்கே போன் போடுவார்: "பனிக் காலத்தில் நடு ராத்திரியிலும் வருகிற பஸ்காரர் யார்? அந்த உயரமான பெண் மீன் சாப்பிடுவாளா?" பழையவரும் பொறுமையாகப் பதில் சொல்வார். ஆனால் அதிக நேரம் பேச மாட்டார். அவர் இப்போது வேறு மாகாணத்தில், வேறு கல்லூரியில், முன் பின் தெரியாத ஒரு சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே தமக்கு முன்னால் இருந்தவரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.